இரண்டாவது ரவுட்டர்

ரவுட்டரை அணைத்ததுதான் தாமதம், நெட் கம்பெனியின் கஸ்டமர் கேர் பெண் போனை வைத்துவிட்டாள்.

"பாத்தியாம்மா? சொல்றதச் சொல்லிட்டு மூஞ்சில அடிச்ச மாதிரி கட் பண்றா. இதோட ரெண்டாவது தடவை," என்று போனைக் கட்டிலில் எறிந்தாள் மகள். ஒழுங்காகக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. காலையிலிருந்து தரையில் உட்கார்ந்து வயர்களோடு மல்லுக்கட்டியதில் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

லேப்டாப்பை அணைத்துப் போட்டாயிற்று. பாஸ்வேர்டை அழித்துப் போட்டாயிற்று. ரவுட்டரைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தாயிற்று.

மூன்று மணிக்கு இன்டர்வியூ. ஜவுளிக்கடை பில் கவுன்ட்டரில் நின்று நின்று கால் வீங்கியவளுக்கு, உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு வேலை இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. லேப்டாப்பில் முகம் காட்ட வேண்டும். மொபைல் சிக்னல் அந்த வீட்டுக்குள் பேசத்தான் போதும், படம் வராது.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். படித்தது என்னவோ வணிகவியல். ஆனால் மிக்ஸி ஓடாவிட்டாலும், டிவி தெரியாவிட்டாலும் "நீதான படிச்சவ, பாரு" என்பார் அப்பா. பட்டத்தோடு ஸ்க்ரூடிரைவரும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள் என்று அவருக்கு நினைப்பு. இன்றும் அதையே சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு? மாடிக்கு வயர் குடுக்காதன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டியா நீ?"

"பாவம்டி. போன வாரம்தான் குடி வந்திருக்கு. வீட்டுலருந்தே வேலையாம். உங்க லைன்ல இன்னொரு ரவுட்டர் மாட்டிக்கிறேன்னு கேட்டுச்சு. மூஞ்சியப் பாத்து எப்படி முடியாதுங்கறது?"

"சரி, போயி அதக் கழட்டவாவது சொல்லு."

"போனேனே. கதவே திறக்கல. பேசிட்டிருக்கேன், அப்புறம் வாங்கன்னு ஜன்னல் வழியாவே கையக் காட்டுச்சு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "எப்பப் பாரு யார்கிட்டயோ மன்னிப்புதான் கேட்டுக்கிட்டிருக்கு. புருஷன் சரியில்ல போலருக்கு."

"ஆமா, எனக்கு இப்ப அவ புருஷன்தான் முக்கியம்."

மாடிப் பெண்ணை அவள் படியில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். "வரேன்க்கா" என்று சிரித்துவிட்டுப் போனது. அவ்வளவுதான் பழக்கம்.

ரவுட்டரை மறுபடி போட்டாள். சிவப்பு விளக்கு பச்சையாகி அவள் மூச்சு விடுவதற்குள் போன் அடித்தது.

"வணக்கம் மேடம். அழைப்பு துண்டிக்கப்பட்டதற்கு மன்னிக்கவும். எங்க பக்கம் லைன்ல ஒரு சின்னப் பிரச்சினை."

அதே குரல். மனப்பாடச் செய்யுளை ஒப்பிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாத குரல்.

"நெட்டு விக்கிற கம்பெனிக்கே லைன் இல்லையா? நல்லாருக்குங்க கதை."

"மன்னிக்கவும் மேடம். இப்ப இணைப்பு வந்துடுச்சா?"

"வந்திருந்தா உங்ககிட்ட எதுக்குங்க பேசிக்கிட்டிருக்கேன்? வைஃபை காட்டுது, உள்ள ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. மூணு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. அரை மணி நேரம்கூட இல்ல."

"புரியுது மேடம். ரவுட்டரை இன்னொரு தடவை அணைச்சு..."

"அணைக்க மாட்டேன். அணைச்சா நீங்க வச்சிடுவீங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "நான் வைக்கலைங்க மேடம், சத்தியமா. கால் கட்டானா என் சம்பளத்துலதான் கை வைப்பாங்க."

ஒப்பிக்கிற குரல் இல்லை இது. களைத்துப்போன குரல். மகளுக்கும் கொஞ்சம் இறங்கிவிட்டது. கவுன்ட்டரில் அவளும் இப்படித்தான், யார் யாரோ செய்த தப்புக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"சரி. வேற என்ன செய்யணும், சொல்லுங்க."

"சமீபத்துல வீட்டுல புதுசா ஏதாவது மாட்டினீங்களா மேடம்?"

"இன்னொரு ரவுட்டர். நேத்து."

"அப்பாடா!" பிடி கிடைத்த உற்சாகம் குரலில் தெரிந்தது. "புது ரவுட்டர் பின்னாடி நீலத்துல ஒரு துளை, மஞ்சள்ல நாலு துளை இருக்கும் மேடம். உள்ள வர்ற வயர் நீலத்துலதான் இருக்கணும். மஞ்சள்ல சொருகிட்டா அதுவும் நான்தான் முதலாளின்னு கிளம்பிடும். அது முந்திக்கிட்டுத் தப்பா வழி காட்டுற லேப்டாப், போனுக்கெல்லாம் நெட் வராது, மத்ததுக்கு வரும். அவசரத்துல நிறைய பேர் பண்றதுதான். போய்ப் பாருங்க."

"எங்க போய்ப் பாக்கறது? அது மாடியில இருக்கு."

"மாடியிலயா?"

"புதுசா ஒரு பொண்ணு குடி வந்திருக்கு. எங்க லைன்லருந்து வயர் இழுத்து அதுவே மாட்டிக்கிச்சு. போய்க் கேட்டா கதவத் திறக்கல, எங்கம்மாவ ஜன்னல் வழியாவே திருப்பி அனுப்பிடுச்சு. வேலையாம் வேலை! நீலம் எது மஞ்சள் எதுன்னு தெரியாத ஜென்மத்துக்கெல்லாம் யாருதான் வேலை குடுக்கறாங்களோ!"

மகள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"ஹலோ? வச்சிட்டீங்களா?"

நாற்காலி தள்ளப்படும் சத்தம் போனுக்குள் கேட்டது. அதே சத்தம் தலைக்கு மேலேயும் கேட்டது.

"மஞ்சள்லதான்க்கா சொருகியிருக்கேன்... இப்ப மாத்துறேன், லைன் கட்டாகும், கோவிச்சுக்காதீங்க."