சத்தமாக யோசியுங்கள்

"ஐம்பத்திரண்டு நிமிஷமா? ஒரு மோட்டார்ல என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கவா?"

ஆராய்ச்சி வழிகாட்டி ஆரோக்கியநாதன் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல சேதி வராது என்பது டயானாவுக்கு மூன்று வருஷப் பழக்கம்.

"போன வருஷம் ஐ.டி.ஐ. முடிச்ச பிள்ளைங்களே பதினஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருக்காங்க. இவரைப் போய் நிபுணர்னு கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"மேலூர்ல யாரைக் கேட்டாலும் இவர் பேரைத்தான் சார் சொன்னாங்க."

"ஊர் ஆயிரம் சொல்லும். இவரை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற ஆளைப் பிடிங்க. இல்லேன்னா இந்த வருஷம் தீசிஸ் கொடுக்கறதை மறந்துடுங்க."

கைதேர்ந்தவர்களின் மனசு ஒரு சிக்கலை எப்படி அவிழ்க்கிறது என்பதுதான் டயானாவின் ஆராய்ச்சி. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு சின்ன அறை. அதில் வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு தண்ணீர் மோட்டார். வருகிறவர் கோளாறைத் தேட வேண்டும். தேடும்போதே மனசில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஐந்து வினாடி வாய் மூடினால் "பேசுங்க" என்பாள் டயானா.

நிபுணர் சட்டென்று கண்டுபிடிப்பார், புதியவர் திணறுவார் என்று காட்டிவிட்டால் பட்டம் கையில். மேலூர் மெக்கானிக் கருத்தக்கண்ணன் வந்து அத்தனையையும் தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்டார்.

முப்பத்தைந்து வருஷ மெக்கானிக்காம். இத்தனை காலம் ஊரை ஏமாற்றியே பிழைத்திருக்கிறார் என்று டயானாவுக்கு ஆத்திரமாக வந்தது.

அவர் பேசியதை எழுதி எடுத்த தாள்கள் முன்னால் கிடந்தன. மோட்டாருக்குச் சம்பந்தமில்லாத பேச்சை அடித்துவிட வேண்டும் என்பது விதி. அப்படி அடித்ததில் முக்கால்வாசிக்கு மேல் சிவப்புக் கோடு.

'நம்ம கடைக்கு வாரவுக மோட்டாரை இறக்கி வச்சிட்டுப் போயிருவாக தாயி. என்ன கோளாறுன்னு வாயத் தெறந்து சொல்றதில்ல. உமக்குத் தெரியாததாம்பாக.' கோடு.

'கிளப்புக்கடையில நான் உக்காந்ததும் நாலு இட்லி வந்துரும். என்ன வேணும்னு கேக்க மாட்டாக.' கோடு.

'மக திருப்பூர்ல இருக்கா. வெடிஞ்சதும் போன்ல ஒரு ரோசாப்பூ படம் அனுப்புவா. நானும் ஒரு பூவைத் தேடி அனுப்பிருவேன். எம் பொஞ்சாதி ரெங்கம்மா போனதுலருந்து அம்புட்டுதான்.' கோடு.

நடுநடுவே டயானாவின் குரல்: 'பேசுங்கண்ணே, நிறுத்தாதீங்க.'

ஒருவரை நீக்கினால் காரணம் எழுத வேண்டும். அதற்காக வீடியோவைத் திறந்தாள். நூலகத்தில் சத்தம் வைக்க முடியாது, ஹெட்போனிலும் சார்ஜ் இல்லை. ஊமைப்படமாகவே ஓடவிட்டாள்.

கருத்தக்கண்ணன் மோட்டாரைப் போட்டார். சுற்றவில்லை. அணைத்துவிட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் ஒயரின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

விரல் ஓரிடத்தில் நின்றது. அழுத்தியது. மேலுறைக்குள் கம்பியை அறுத்து வைத்திருந்த அதே இடம்.

திரையின் மூலையில் நேரம் பார்த்தாள். ஒரு நிமிஷம் பத்து வினாடி.

கருத்தக்கண்ணன் நிமிர்ந்து, கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தார். விரலை எடுத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒயருக்குச் சம்பந்தமே இல்லாத பின்பக்க மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் கழற்ற ஆரம்பித்தார். வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

டயானாவுக்குக் காது சூடாகிவிட்டது. வெளியே வந்து போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க தாயி. நல்லாருக்கீகளா? சாப்பிட்டீகளா?"

"அண்ணே, அன்னைக்கு அந்த ஒயர்தான்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

"தொட்ட உடனே தெரிஞ்சிருச்சு."

"அப்ப ஏன் சொல்லல? ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆகியிருக்கு. நீங்க நிபுணரே இல்லைன்னு எழுதச் சொல்றாங்க. என் மூணு வருஷப் படிப்புண்ணே. உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

அந்தப் பக்கம் கடைத்தெருவில் ஏதோ லாரி போகும் சத்தம் கேட்டது.

"தப்புதான் தாயி," என்றார் கருத்தக்கண்ணன். "உங்க படிப்புக்குக் கேடு வரும்னு எனக்குத் தோணாமப் போச்சு. என்னைய என்னன்னு வேணாலும் எழுதிக்கோங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

அந்தக் குரலுக்கு முன்னால் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. டயானா கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"சரி, வியாழக்கிழமை ஒரு தடவை வர முடியுமா? வேற மோட்டார் வைக்கிறேன். ஆனா இந்தத் தடவை கண்டுபிடிச்ச நிமிஷமே சொல்லிடணும்."

"வாரேன் தாயி. கட்டாயம் வாரேன். சொல்லிர்றேன்."

போனை வைப்பார் என்று பார்த்தாள். வைக்கவில்லை.

"தாயி, ஒண்ணே ஒண்ணு."

"என்னண்ணே?"

"சொல்லிட்டா, உடனே எந்திரிச்சுப் போயிறணுமா?"