வெறும் கல்

சுழலாத இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்கினான்.

ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுக்கத் திருகினான்.

தட்டு நிற்கும்போது ஊசிக்கு ஒன்றும் கேட்கக் கூடாது. கேட்டால் அது பாட்டு அல்ல. எங்கிருந்தோ ஏறி வரும் அதிர்வு.

அவன் விஷயத்தில், அண்ணன்.

வீட்டைப் பங்கு பிரித்தபோது கூடத்தின் குறுக்கே ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பினார்கள். மின்விசிறியின் கொக்கி சரியாகச் சுவர்க் கோட்டில் வந்தது. காற்று யாருக்கும் இல்லை என்று ஆயிற்று. அந்தப் பங்கீட்டில் நியாயமாக நடந்தது அது ஒன்றுதான்.

அன்றோடு பேச்சு நின்றது.

இவன் சாயங்காலம் பாட்டுப் போட்டால், அந்தப் பக்கம் கிரைண்டர் சுவரோரம் நகர்ந்து வரும். ஓடும். அரிசி இல்லை, உளுந்து இல்லை.

வெறும் கல்லோடு கல்.

இருவரும் சேர்ந்து கிரைண்டர் பட்டறை நடத்தியவர்கள். வெறும் கல்லை ஓட்டாதீங்க, கல்லுல போட்ட கொத்து தேஞ்சு போயிரும் என்று வாங்க வந்தவர்களிடமெல்லாம் வாய் வலிக்கச் சொன்னவன் அண்ணன். இப்போது தம்பியின் பாட்டைக் கெடுக்கத் தன் கல்லையே தின்றுகொண்டிருந்தான்.

அப்படி ஒரு பாசம் எல்லோருக்கும் வாய்க்காது.

ஊசிக்கு மானரோஷம் கிடையாது. யார் உதைத்தாலும் பாடும். கிரைண்டர் உதைத்தால் கிரைண்டரையே பாடும்.

ஆகவே பிளேயரை அவனே செய்ய உட்கார்ந்தான். கிரைண்டர் செய்தவன் அதிர்வை அடக்குகிறேன் என்றால் ஊர் சிரிக்கும். சிரித்தது அவன் மனைவி துளசிமணி மட்டும். ஊருக்கும் சேர்த்துச் சிரித்தாள்.

அடியில் ஸ்பிரிங் வைத்தான். பிளேயர் தூளி மாதிரி ஆடியது. ஊசி பல்லவியிலிருந்து சரணத்துக்குத் தாவியது.

மணல் பெட்டியில் வைத்தான். மணலும் அண்ணன் கட்சி.

மோட்டாரைத் தனியே நிறுத்தி, ரப்பர் பட்டையால் மட்டும் தட்டோடு சேர்த்தான். மோட்டாரின் உறுமல் போயிற்று. கிரைண்டர் இருந்தது.

கடைசியில் சுவர்ப் பலகையின் மேல் சைக்கிள் டியூப், பாதிக் காற்று. டியூபின் மேல் கடப்பைக் கல். கல்லின் மேல் பிளேயர். வருகிற உதையைக் காற்று விழுங்கும். மிச்சத்துக்குக் கல் அசைந்து கொடுக்காது.

இன்று ஊசி வாயே திறக்கவில்லை.

துளசிமணியைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டான். ஊசியை மட்டும் தொட்டுடாதே என்றான். எப்போதும் சொல்வதுதான்.

அவள் வெகுநேரம் கேட்டாள். கழற்றினாள்.

"கிரைண்டரே ஓடலீங்க. நேத்தும் ஓடலை. உங்கண்ணி, மக பிரசவம் பார்க்கத் திருப்பூர் போயிருக்குது. உங்கண்ணன் தனியாத்தான் இருக்கறாரு."

நல்லது, நிம்மதி என்றான்.

எதிரி களத்துக்கு வராமல் ஜெயித்ததை எந்த ராஜாவும் கல்வெட்டில் வெட்டிக்கொண்டதில்லை.

பாட்டுப் போட்டான். அண்ணனுக்கு அறவே ஆகாத பாட்டு. ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தான்.

பாட்டு முடிந்தது. சுவர் சும்மா இருந்தது.

மறுபடியும் போட்டான்.

சுத்தமாகக் கேட்டது. ஒரு கரகரப்பு இல்லை. இத்தனை நாள் இதற்குத்தான் பாடுபட்டான். பாதியில் நிறுத்தினான்.

சமையலறையிலிருந்து தன் கிரைண்டரை இழுத்து வந்து சுவரோடு ஒட்ட வைத்தான். சுவிட்சைத் தட்டினான்.

வெறும் கல்.

கடைவாய்ப் பல் வரை கூசியது. துளசிமணி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் சீதனக் கிரைண்டர்.

ஓடவிட்டான்.

ஓடவிட்டான்.

சுவரில் ஒரு தட்டு.

நின்றுகொண்டு தட்டும் உயரத்தில் இல்லை. முழங்காலுக்கும் கீழே. பின்னாலேயே குரல், பாதிக் காற்று போன டியூப் மாதிரி.

"கல்லு தேயுதுடா, நாயே."

கிரைண்டரை நிறுத்தினான்.

சுவர் எழுந்த பிறகு அண்ணன் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

போய்ப் பார்க்கலாம்தான். அடுத்த வாசல்தான். ஆனால் போனால், முதலில் இறங்கி வந்தவன் தம்பி என்று ஆகிவிடும்.

பிளேயரைத் தூக்கினான். கடப்பைக் கல்லை இறக்கினான். டியூபை உருவி எறிந்தான். வெறும் பலகையில், சுவரை ஒட்டி, பிளேயரை வைத்தான்.

நிற்கும் தட்டின் மேல் ஊசி. ஹெட்போன். சத்தம் முழுக்க.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகியது.

இருமல்.

எதையோ தரையில் தேய்த்து இழுக்கும் சத்தம்.

டம்ளர் விழுந்தது. உருண்டது. நின்றது.

காத்திருந்தான்.

யாரும் எடுக்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டுப் போனான். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

துளசிமணி ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கதவு. பிறகு குதிகால் ஊன்றும் நடை. அவளுக்குத் தெரிந்த நடை. டம்ளர் தரையை விட்டுப் போகும் சிறு உரசல்.

பிறகு இரண்டு உறுமல்கள். வார்த்தை புரியவில்லை. ஒன்று கனமாக, ஒன்று மெலிந்து. ஒரே பலகையில் இரண்டு மோட்டாரை முடுக்கிவிட்டது போல. திட்டிக்கொள்கிறார்கள். விடாமல், ஒருவர் மேல் ஒருவர் ஏறி.

சட்டென்று இரண்டும் நின்றன.

அப்புறம் வேறு ஏதோ தொடங்கியது. விட்டு விட்டு, விம்மல் போல. ஊசி அதையும் நடுங்கி நடுங்கிச் சொல்லப் பார்த்தது.

துளசிமணி, தொடக் கூடாத ஊசியை, சுண்டுவிரலால் மெல்லத் தூக்கிவிட்டாள்.