பாய்லருக்குத் தண்ணீர் இறங்கவில்லை

"அதுல கை வைக்காதடி! செஃபெரினோவுக்குச் சொல்லியாச்சு, வந்துட்டே இருக்காரு" என்று அதட்டினார் அவுரேலியோ.

வீட்டைச் சூடாக்கும் நீராவி பாய்லர் முன்னால் குனிந்திருந்த மகள் லியோனில்டா நிமிர்ந்தாள். "நான் என்ன மீன் விக்கவா லைசென்ஸ் வாங்கியிருக்கேன்? என் தொழிலே இதுதானேப்பா!"

"உன் தொழில வெளில வெச்சுக்க. இந்த வீட்டு பாய்லர எப்பவும் செஃபெரினோதான் பாப்பாரு."

அவள் முகம் சுண்டிப்போனது. கம்பெனி வேலையை உதறிவிட்டு, வேனில் சொந்தப் பெயரை எழுதிக்கொண்டு கோடையிலிருந்து சுற்றுகிறாள். அமெரிக்க ஊரான ஃபால் ரிவரில் வேறு எங்கெங்கோ வேலை கிடைக்கிறது. பிறந்த தெருவில் மட்டும் ஒரு வீடுகூடக் கூப்பிடவில்லை. 'பொம்பளப் புள்ளைக்கு நீராவியப் பத்தி என்ன தெரியும்?' என்று தெருவின் பழைய பாய்லர் மெக்கானிக் செஃபெரினோ சொல்லிவிட்டார். பாய்லர் விஷயத்தில் அவர் சொல்தான் அந்தத் தெருவுக்குச் சட்டம். பெற்ற அப்பாவே அவரைக் கூப்பிட்டால், மற்றவர்கள் இவளை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் வழக்கம்போல நிலவறையில் சீட்டுக் கச்சேரி. மேலே நல்ல சமையலறை விருந்தாளிக்காகப் பளபளத்துக் கிடக்க, அம்மா தியோலிந்தா கீழே பாய்லர் பக்கத்து அடுப்பில்தான் கீரை சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். சீட்டாட வந்த இரண்டு நண்பர்களும் கோட்டைக் கழற்றாமல் நடுங்கினார்கள்.

செஃபெரினோ வந்தார். பாய்லரின் கண்ணாடிக் குழாயைத் தட்டிப் பார்த்தார். "பொட்டுத் தண்ணி இல்ல. அதான் தீ தானா நின்னுருக்கு. தானா தண்ணி விடற பெட்டி விடல, பாரு." பக்கத்துக் கைக்குழாயைக் கொஞ்சம் திறந்தார். உள்ளே களகளவென்று சத்தம். உடனே மூடினார். "கையால விட்டா இறங்குது. பெட்டி வழியா இறங்கல. பெட்டி செத்துப்போச்சு, அவுரேலியோ. இன்னைக்குக் கையால ஊத்திக்க, நாளைக்குப் புதுசு மாட்டிரலாம்."

"பெட்டி சாகல, மாமா" என்றாள் லியோனில்டா.

அவுரேலியோ சீட்டை மேசையில் அறைந்தார். "பெரியவர் சொன்னா கேக்க மாட்டியா? அவ்வளவு தெரிஞ்சா நீயே காட்டு! நாலு பேர் பாக்குறாங்க. முடியலேன்னா இனிமே என் முன்னால பாய்லர்ங்கற பேச்சே எடுக்கக் கூடாது."

லியோனில்டா பாய்லர் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தாள். "டக்குன்னு திறக்குது. கரண்டு வருது, வால்வும் வேலை செய்யுது. தண்ணிதான் அது கிட்ட வரல. நீங்களும் கேளுங்க மாமா."

செஃபெரினோ காதை வைத்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"உனக்குக் கோயில் மணியே கேக்காது!" என்றார் சீட்டு நண்பர் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

அவள் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பெட்டியின் சல்லடையைக் கழற்றினாள். ஒரு தூசிகூட இல்லை. இப்போது செஃபெரினோ சிரித்தார். "பளிங்கு மாதிரி இருக்கு! இதுக்குத்தான் சொன்னேன்."

அவுரேலியோ பதற்றத்தில் துருப்புச் சீட்டை வீணாகப் போட்டுவிட்டு, கூட்டாளியிடம் திட்டு வாங்கினார். மகள் இத்தனை பேர் முன்னால் மூக்குடைபட்டு நிற்பாளோ என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. "முடியலேன்னா மூடிடும்மா" என்றார்.

"இருங்கப்பா." அவள் குழாயைத் தடவிக்கொண்டே பின்னோக்கிப் போனாள். சல்லடைக்கு முன்னால் ஓர் இணைப்பு இருந்தது. இரண்டு ஸ்பானர் போட்டுத் திருகினாள். இணைப்பு விட்டதும், குழாயை அடைத்திருந்த கறுப்பு ரப்பர் வட்டம் ஒன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

நண்பர்கள் இருவரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இது எங்கேந்துய்யா வந்துச்சு?" என்றார் செஃபெரினோ.

"தெருமுனையில போன வாரம் குழாய் தோண்டினாங்கல்ல, அதுல அடிச்சிட்டு வந்திருக்கும்" என்றார் அவுரேலியோ, சீட்டிலிருந்து தலை எடுக்காமல்.

அவள் சல்லடையை மாட்டி, இணைப்பை முறுக்கித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கண்ணாடியில் தண்ணீர் ஏறி, பாதிக்கு வந்ததும் தானாக நின்றது. பாய்லரின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு அணைந்தது. புஸ்ஸென்று தீ பற்றியது. கொஞ்ச நேரத்தில் மாடியில் நீராவி ரேடியேட்டர்கள் சீறத் தொடங்க, நண்பர்கள் இருவரும் கோட்டைக் கழற்றினார்கள்.

செஃபெரினோ தன் பையை மூடினார். "காதும் நல்ல காது, கையும் நல்ல கை" என்று முனகினார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது.

"எங்க வீட்டுலயும் ஒரு மூலை சூடாகவே மாட்டேங்குது. நாளைக்கு வர்றியாம்மா?" என்றார் ஒரு நண்பர்.

"எங்க வீட்டுக்கு அப்புறம்தான் அங்க!" என்றார் இன்னொருவர்.

"வரிசையில நில்லுங்கய்யா! வர்றது யாரு, என் பொண்ணு!" என்று மேசையைத் தட்டினார் அவுரேலியோ. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. லியோனில்டா அப்பாவை நம்ப முடியாமல் பார்த்துவிட்டு, கலங்கிய கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கை கழுவ மாடிக்குப் போனாள்.

தியோலிந்தா புருஷன் முன்னால் சூப்புக் கிண்ணத்தை வைக்கிற சாக்கில் அவர் காதருகே குனிந்தாள்.

"பொண்ணோட தெறமைய ஊருக்குக் காட்டுங்க, நான் வேண்டாங்கல. ஆனா அடுத்த தடவ குழாய அடைக்க ரப்பர் வேணும்னா உங்க பூட்ஸ வெட்டுங்க, என்னோடத விட்டுருங்க."