சும்மா பின்னிய கூடுகள்

ஏரிக்கரையில் ஒரு தூக்கணாங்குருவி இருந்தது. பகலில் வயற்காவல், மாலையில் கூடு பின்னும். சிலந்தி மரத்துக்கு மரம் வலை கட்டியிருந்தது. கூடு வேண்டியவர்கள் இழையைச் சுண்டினால் போதும், பின்னுவது யாரென்று தெரியாமலே குருவிக்குச் செய்தி போய்விடும்; பின்னாலேயே கூலித் தினையும் வரும்.

வருஷத்துக்கு ஒருமுறை நாரை ஏட்டோடு வந்து, கரையைப் பலப்படுத்த அவரவர் வரும்படியில் ஒரு பங்கு வாங்கும். காவல் கூலிக்குக் குருவி ஒழுங்காகக் கொடுத்தது.

"கூடும் பின்னுகிறாயாமே, தம்பி?"

குருவி பொந்தில் சேர்த்து வைத்திருந்த கூலித் தினையை நினைத்துக்கொண்டது. "அது சும்மா, அண்ணே. பொழுதுபோக்கு."

நாரை அப்படியே எழுதிக்கொண்டது. மூன்று வருஷம் இதே பேச்சு.

பிறகொரு புயலில் மற்ற கூடுகளெல்லாம் சிதறின. குருவி பின்னியவை மட்டும் தப்பின. அவற்றைப் பின்னியவர் யாரோ, அவருக்கே ஏரி நடுவிலிருந்த பனையைப் பரிசாகக் கொடுப்பதென்று பறவைகள் முடிவு செய்தன. குருவி வெகுநாளாக ஆசைப்பட்ட பனை அது.

மைனா முந்திக்கொண்டது. "எல்லாம் நான் பின்னியவை. அதற்கு நாரையிடம் பங்குகூடக் கட்டிவிட்டேனே!"

குருவி நாரையிடம் பறந்தது. "அண்ணே, நீங்களாவது சொல்லுங்கள்!"

"எனக்குத் தெரியாதா, தம்பி? ஆனால் ஏட்டில் உன் பெயருக்கு எதிரே 'சும்மா' என்றல்லவா இருக்கிறது."

திரும்பும் வழியில் குருவி ஒரு கூட்டில் உட்கார்ந்து, தன் முடிச்சை அலகால் தொட்டுப் பார்த்தது. இறுக்கமாகத்தான் இருந்தது.

"யாரது? என் கூட்டில் உனக்கு என்ன வேலை?" என்று அதட்டியது மைனா.

"சும்மா," என்றது குருவி.