இடது பொத்தானில் ஒரு மரச்சில்லு

மூடிப்போன ஆலையின் கொட்டகைக்குள் நடக்கும் சிற்பக் கண்காட்சியில், கழித்துப்போட்ட சாமான்களைப் பற்றவைத்துச் செய்த மனிதன் ஒருவன் ஆள் உயரத்துக்கு நிற்கிறான். முழங்கால் இரண்டும் பல்சக்கரம். தலை எண்ணெய்க் குவளை, கொடுத்துவைத்த தலை. நெஞ்சில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினின் இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மிஷின் இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அந்த ஏற்பாடு. பதினெட்டு வருடம் இங்கே வேலை பார்த்து அந்தப் பொத்தான்களின் முன் நின்றவள், நாற்காலி இருந்தும் இப்போதும் அவற்றின் முன்னால் கால் கடுக்க நின்றுகொண்டேயிருக்கிறாள். கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயில் இடது பொத்தானில் விழுகிறது. அதன் இடுக்கில் ஒரு மரச்சில்லு. அப்படிச் செருகிவிட்டால் பொத்தான் அமுங்கியே கிடக்கும், ஒரு கை மிச்சம். அந்தக் கையால் அடுத்த தகட்டை வைத்துக்கொண்டே போனால் ஷிப்டு எண்ணிக்கை தேறும். மேற்பார்வையாளருக்கும் தெரியும். ஆனாலும் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டதும் பிடுங்கி ஒளித்துவிட வேண்டும். அது அவருக்குக் காட்டும் மரியாதை.

பின்னால் பூட்ஸ் சத்தம். அவள் கை தானாகப் போய்ச் சில்லைப் பிடுங்கிப் பொத்திக்கொள்கிறது. "அம்மா, என்ன பண்றீங்க? தொடக் கூடாதும்மா!" என்று கூட வந்த மகள் பதறுகிறாள். வந்தவர் சிற்பி. "பரவால்லைங்க. அது எதுக்குன்னே எனக்குப் புரியல, இருந்தபடியே விட்டுட்டேன். என்னங்க அது?" என்கிறார். "ஒண்ணுமில்லைங்க. குப்பை" என்று அவள் தரையைப் பார்த்துச் சொல்கிறாள். பொத்திய கையில் இரண்டு விரல்கள் இல்லை. அந்த இடைவெளி வழியே சில்லின் முனை வெளியே தெரிகிறது.