எட்டு நடைத் தண்ணீர்

பாலில் தண்ணீர் கலப்பது மாட்டுக் கொட்டகை வேலையாள் நெட்டையன்தான் என்பதில் பண்ணைக்காரருக்குச் சந்தேகமே இல்லை.

வெயில் ஏறியதிலிருந்து பாலும் குறைந்தது, அதில் கொழுப்பும் குறைந்தது. பால் நிலையத்தில் நாலு பேர் முன்னால், "என்னங்க, பால் இப்படி நீர்த்துப் போச்சு?" என்று கேட்டுவிட்டார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை அவருக்கு.

அன்று மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலில் நின்று பார்த்தார். காக்கைகூடப் பறக்காத வெயில். நெட்டையன் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு கொட்டகைக்குள் போனான். வெறும் வாளியோடு வந்து மறுபடி நிரப்பினான். மொத்தம் எட்டு நடை.

சாயங்காலக் கறவைக்கு இப்போதே தண்ணீரைப் பதுக்குகிறான் என்று முடிவு கட்டினார்.

மறுநாள் பால் நிலையத்து வாசலிலேயே வைத்துக் கேட்டார். மாட்டுக்குத்தான் ஊற்றினேன் என்றான் நெட்டையன். காலையில் குளிப்பாட்டிய மாட்டுக்கு மத்தியானம் இன்னொரு குளியலா என்று அவர் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷ வேலை அந்தச் சிரிப்போடு போயிற்று.

போகும்போது ஒன்றுதான் சொன்னான்.

"சினைப் பசுவை மத்தியானத்துல பாத்துக்குங்க ஐயா. அதால தாங்க முடியல."

என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் அந்தப் பசு நாக்கைத் தொங்கவிட்டு, எச்சில் ஒழுக மூச்சிரைத்தது. பிறகு சாய்ந்துவிட்டது. ஓடி வந்த மாட்டு டாக்டர் ஊசி போட்டு, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, பக்கத்தில் மின்விசிறியும் வைக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் பசு எழுந்து நின்றது. வயிற்றிலிருந்த கன்றுதான் தங்கவில்லை.

டாக்டர் கொட்டகையின் தாழ்ந்திருந்த தகரக் கூரையைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஜன்னல் கம்பிகளில் காய்ந்து விறைத்துத் தொங்கிய சாக்குகளைப் பார்த்தார்.

"சாக்கை நனைச்சுக் கட்டி, மாட்டு மேலயும் தண்ணி ஊத்தி யாரோ இத்தனை நாள் காப்பாத்தியிருக்காங்க. சூடு தாங்கலேன்னா மாடு சரியாத் தின்னாது. பால் குறையும், கொழுப்பும் இறங்கும். அந்த ஆள் இல்லேன்னா மாடு எப்பவோ போயிருக்கும். யாருங்க அது?"

பண்ணைக்காரர் விறைத்த சாக்கு ஒன்றை அவிழ்த்து வாளித் தண்ணீரில் முக்கினார்.

நெட்டையனைக் கையோடு போய் அழைத்து வாருங்கள் என்றாள் மனைவி. காலையில் பாலைக் கொடுத்துவிட்டு நேரே அவன் வீட்டுக்குத்தான் போகிறேன் என்றார். மனசாரத்தான் சொன்னார்.

காலையில் பால் நிலையத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நெட்டையன் நேத்து எங்கிட்ட வேலை கேட்டு வந்தான். கைக்குழந்தையோட பொண்டாட்டியும் நின்னா. திருட்டுப் பயலுக்கு இங்க வேலை இல்லேன்னு துரத்திட்டேன். நான் செஞ்சது சரிதானே?"

வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பி அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"ரொம்பச் சரி" என்றார் பண்ணைக்காரர்.