கடைக் காப்பி

“பெரிய ரைபிள யாரும் வச்சிருக்கக் கூடாதாம். பார்லிமெண்டுல சட்டம் கொண்டாரானுவ! என் உரிமையில கை வைக்க இவனுவ யாரு?”

தாராவி தோல் காண்டிராக்டர் வானமாமலை கத்தினார். துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்க வருஷா வருஷம் அவர் மனு அடிக்க வரும் மாதுங்கா டைப்பிங் கடை அது. டைப்பிஸ்ட் சண்முகவடிவு மூன்று தாள்களுக்கு நடுவே கார்பனைச் செருகினாள்.

“மந்திரிக்குக் காரமா ஒரு மனு அடி, தாயி.”

“சரி அண்ணாச்சி. பழுதான துப்பாக்கியத்தான் மொதல்ல பிடுங்குவாங்களாம். ஒங்க ரைபிள் எப்பவாவது ரிப்பேருக்குப் போயிருக்கா?”

“என் ரைபிளா? வாங்கி எட்டு வருசமாச்சு. ஒரு நாள்கூட ரிப்பேருக்கு வீட்ட விட்டுப் போனதில்ல. அப்படியே போடு!”

அப்படியே அடித்தாள். மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டை எடுத்துக்கொண்டார்.

“இந்த மூணாவது எதுக்கு?”

“கடைக் காப்பி அண்ணாச்சி.”

சாயங்காலம் அந்தக் காப்பியை அவள் போலீஸ் இன்ஸ்பெக்டரின் மேசைமேல் வைத்தாள். கூடவே, மூன்று வருஷத்துக்கு முந்தைய வாக்குமூலம் ஒன்றின் நகல்.

‘பாண்டுப் மலையில் விறகு பொறுக்கிய பூதத்தானை நான் சுடவில்லை. அன்று என் ரைபிள் ரிப்பேர்க் கடையில் இருந்தது. இப்படிக்கு, வானமாமலை.’

கேஸை மூடவைத்ததே அந்த வாக்குமூலம்தான்.

இன்ஸ்பெக்டர் இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீ யாரும்மா?”

“பூதத்தான் மக, சார். டைப்பிங் படிச்சதே இவர் மனுவ அடிக்கத்தான்.”